பத்து இலக்கம், பன்னிரண்டு வரி: ஓர் எண் அட்டையை வாசித்தபோது



திறனாய்வு என்றால் கவிதைக்கும் சிறுகதைக்கும்தான் என்று நாம் பழகிவிட்டோம். இந்த முறை நான் எடுத்துக்கொண்டது ஓர் அட்டை. ஆமாம், ஒரே ஒரு பக்க அட்டைதான். கணித வாரத்துக்காக யாரோ ஓர் ஆசிரியர் தயாரித்திருக்கிறார். அது ஒரு புலனக் குழுவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவித் தாவி என் கைப்பேசிக்கும் வந்தது. செய்தவர் பெயர் அதில் இல்லை. தெரிந்திருந்தாலும் இங்கே சொல்லியிருக்க மாட்டேன், ஏனென்றால் நானும் அதை அச்செடுத்து வகுப்பறைச் சுவரில் ஒட்டியவள்தான். குறையில் எனக்கும் பங்கு உண்டு.

அட்டையின் நடுவில் பெரிய எழுத்தில் ஓர் எண்: 2147483647. கீழே அதன் "பெருமைகள்" பன்னிரண்டு வரிகளில். வரிசையாகச் சொல்கிறேன், பாருங்க. இது பத்து இலக்க எண். ஒற்றைப்படை எண். இலக்கங்களின் கூட்டுத்தொகை 46. இதில் 0, 5, 9 ஆகிய இலக்கங்கள் இல்லை. இது பகா எண். ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே வகுபடும். இதன் பகா காரணி ஒன்றே. இது குறை எண். இது நிறைவெண். 2³¹ − 1 என்று எழுதலாம், எட்டாவது மெர்சென் பகா எண். இரும எண் முறையில் 31 ஒன்றுகள். கடைசியாக, கணினி அறிந்த மிகப் பெரிய எண்.

ஒட்டிய மூன்றாம் நாள் ஒரு மாணவி கேட்டாள்: "டீச்சர், இது பகா எண்ணுன்னு யாரு பார்த்தாங்க? எப்படிப் பார்த்தாங்க?" நான் சொன்ன பதில், "கணினியில போட்டுப் பார்த்தா தெரியும்மா." அவள் தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். அந்தத் தலையாட்டல்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். பன்னிரண்டு வரியைச் சுவரில் ஒட்டிவிட்டு, அதில் உயிரான ஒரே வரிக்கு என்னிடம் பதில் இல்லை!

முதலில் தமிழ். நம் சங்கத்து இதழ் என்பதால் இதைத் தாண்டிப் போக முடியாது. அட்டையில் எண் இலக்கமாக மட்டுமே இருக்கிறது, எழுத்தால் எழுதப்படவில்லை. நம் பிள்ளைகள் இங்கே மில்லியன் முறையில் படிக்கிறார்கள்: இரண்டு பில்லியன் நூற்று நாற்பத்தேழு மில்லியன் நானூற்று எண்பத்து மூவாயிரத்து அறுநூற்று நாற்பத்தேழு. தமிழ்நாட்டுப் புத்தகத்தைத் திறந்தால் இதே எண் இருநூற்றுப் பதினான்கு கோடியே எழுபத்து நான்கு இலட்சத்து எண்பத்து மூவாயிரத்து அறுநூற்று நாற்பத்தேழு ஆகிவிடும். காற்புள்ளி விழும் இடமே மாறும்: 2,147,483,647 ஒரு முறை, 214,74,83,647 மற்றொரு முறை. எண் ஒன்றுதான், பெயர் இரண்டு. இதை ஒருமுறை வாய்விட்டுப் படிக்க வைத்தாலே அரை மணி நேரப் பாடம் கிடைத்திருக்கும். அட்டை அந்த வாய்ப்பை விட்டுவிட்டது.

அடுத்தது "பகா காரணி". இங்கே ஒற்று விடுபட்டிருக்கிறது. 'பகாத' என்பதன் கடைசி எழுத்து கெட்டு 'பகா' என்று நிற்கிறது. அதாவது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். செல்லாக் காசு, ஓடாக் குதிரை போல இதற்குப் பின்னும் வல்லினம் மிகும். ஆகவே பகாக் காரணி. 'பகா எண்' என்று எழுதும்போது வருமொழி உயிரெழுத்தில் தொடங்குவதால் ஒற்றுக்கு வேலை இல்லை. எதிரே நிற்கும் 'பகு எண்' வினைத்தொகை. தமிழ் மொழித் தேர்வு எழுதும் மாணவர்களே, கணித வகுப்பிலேயே உங்களுக்கு இரண்டு இலக்கண எடுத்துக்காட்டுகள் கிடைத்துவிட்டன, பத்திரப்படுத்துங்க. நன்னூல் சொல்லைப் பிரிக்கும்போதும் இதே வேர்ச்சொல்தான்: பகுபதம், பகாப்பதம். பிரித்தால் பொருள் தராத சொல்லுக்கும், பிரிக்கவே முடியாத எண்ணுக்கும் தமிழ் ஒரே பெயர் வைத்திருக்கிறது. எனக்கு இது எப்போதும் பிடிக்கும்.

இனி கணிதம்.

பன்னிரண்டு வரிகளும் ஒரே எழுத்தளவில், ஒரே வண்ணத்தில் அச்சாகியிருக்கின்றன. அதுதான் அட்டையின் முதல் பிழை என்பேன், எந்தத் தனி வரியின் பிழையையும்விடப் பெரிது. "0, 5, 9 இல்லை" என்பதும் "பகா எண்" என்பதும் சம எடை உள்ள செய்திகளா? ஒரு மனிதரை அறிமுகம் செய்யும்போது "இவர் டாக்டர், இன்று நீலச் சட்டை போட்டிருக்கிறார்" என்று ஒரே மூச்சில் சொல்வது மாதிரி இருக்கிறது. சட்டை நாளைக்கு மாறும். தொழில் மாறாது.

எது சட்டை, எது ஆள் என்று கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. படிவம் 4 மாணவர்கள் எண் அடிமானம் படிக்கிறீர்கள், மலாயில் அசாஸ் நொம்போர் என்று வருமே, அந்தப் பாடம். எண்ணை வேறு அடிமானத்துக்கு மாற்றி எழுதுங்கள். மாற்றிய பிறகும் எந்த வரி நிலைத்து நிற்கிறது? பத்து இலக்கம் என்பது போய்விடும். 46 போய்விடும். 0, 5, 9 இல்லை என்பதும் போய்விடும். அதெல்லாம் நமக்குப் பத்து விரல் இருப்பதால் வந்த பண்பு, எண்ணின் பண்பு அல்ல. இருமத்தில் 31 ஒன்றுகள் என்பதும் கண்டிப்பாகச் சொன்னால் சட்டைதான். ஆனால் அது ஆளுக்கென்றே தைத்த சட்டை, ஏனென்றால் 2³¹ − 1 என்ற உண்மையை அப்படியே காட்டுகிறது. ஒற்றைப்படை, பகா எண், 2³¹ − 1 ஆகியவை எந்த அடிமானத்திலும் அசையாது.

இதனால் 46 பயனற்றது என்று சொல்லவில்லை. அட்டை அதை வெறும் தகவலாக விட்டுவிட்டதுதான் என் வருத்தம். இலக்கங்களின் கூட்டுத்தொகையை எதற்குக் கண்டுபிடிக்கிறோம்? 3ஆலும் 9ஆலும் வகுபடுமா என்று பார்க்கத்தானே. 46ஐ 9ஆல் வகுத்தால் மீதி 1. ஆகவே நம் எண்ணை 9ஆல் வகுத்தாலும் மீதி 1, 3ஆல் வகுத்தாலும் மீதி 1. அடுத்து 11க்குரிய சோதனை செய்து பாருங்கள். வலமிருந்து ஒன்றுவிட்டு ஒன்று கூட்டிக் கழித்தால் 12 வரும், மீதி 1. 7ஆல் வகுத்துப் பார்த்தாலும் மீதி 1. என்ன இது, எல்லா இடத்திலும் 1? தற்செயலா?

தற்செயல் இல்லை. எண்ணிலிருந்து 1ஐக் கழியுங்கள்: 2147483646. இது 2 × (2³⁰ − 1). 2³⁰ − 1 என்பதை இரண்டு வர்க்கங்களின் வித்தியாசமாகப் பார்த்தால் (2¹⁵ − 1) × (2¹⁵ + 1), அதாவது 32767 × 32769. முதலாவது 7 × 31 × 151. இரண்டாவது 9 × 11 × 331. எல்லாம் சேர்ந்து 2147483646 = 2 × 3² × 7 × 11 × 31 × 151 × 331. ஆக, பக்கத்து வீட்டுக்காரர் இத்தனை காரணிகளோடு கூட்டுக்குடும்பமாக இருக்க, நம் ஆள் மட்டும் தனிக்கட்டை. நீங்கள் படிவம் 2, 3ல் கற்ற காரணிப்படுத்தல் இங்கே எவ்வளவு வேலை செய்கிறது பாருங்க. "46" என்ற ஒரு வரியிலிருந்து இவ்வளவு தூரம் வரலாம். அட்டை வாசலிலேயே நின்றுவிட்டது.

ஐந்து, ஆறு, ஏழு, எட்டு ஆகிய நான்கு வரிகளை ஒன்றாக எடுத்துக்கொள்வோம். பகா எண் என்று சொன்ன பிறகு "ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே வகுபடும்" என்பது தனிச் செய்தி அல்ல, அந்தச் சொல்லின் விளக்கம். "பகாக் காரணி ஒன்றே" என்பதும் அதே. "குறை எண்" என்பதும் அதே! தன்னைத் தவிர்த்த காரணிகளைக் கூட்டினால் எண்ணைவிடக் குறைவாக வந்தால் அது குறை எண், சரியாக வந்தால் நிறைவெண், கூடுதலாக வந்தால் மிகை எண். பகா எண்ணுக்குத் தன்னைத் தவிர்த்த காரணி 1 மட்டும்தான். ஆகவே எல்லாப் பகா எண்ணும் குறை எண்ணே. ஆண்டு 5 மாணவர் 100க்குள் படிக்கும் 2, 3, 5, 7 எல்லாமே அப்படித்தான். ஒரே உண்மையை நான்கு சொல்லில் சொல்லி நான்கு பெருமையாகக் கணக்குக் காட்டியிருக்கிறது அட்டை. கட்டுரைத் தாளில் மாணவர் இப்படிக் கூறியது கூறினால் நாம் சிவப்பு மையால் கோடு போடுவோம், இல்லையா?

ஒன்பதாவது வரி பிழை. வெறும் பிழைகூட இல்லை, எட்டாவது வரியோடு நேருக்கு நேர் மோதும் பிழை. ஓர் எண் குறை எண்ணாகவும் நிறைவெண்ணாகவும் ஒரே நேரத்தில் இருக்க முடியாது. என் வகுப்பில் இரண்டு வாரம் தொங்கிய அட்டையில் இதை யாருமே பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. பட்டியலாக எழுதினால் இந்த ஆபத்து உண்டு. வரிக்கும் வரிக்கும் தொடர்பே இல்லாதபோது முரண்பாடு கண்ணில் படாது.

இந்தப் பிழை எங்கிருந்து வந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. நம் எண் நிறைவெண் அல்ல, ஆனால் ஒரு நிறைவெண்ணைப் பெற்றெடுக்கும் எண். 6 = 1 + 2 + 3 என்பதும் 28 = 1 + 2 + 4 + 7 + 14 என்பதும் உங்களுக்குத் தெரியும். 6 என்பது 2 × 3, 28 என்பது 4 × 7. இந்த 3, 7 இரண்டும் 2² − 1, 2³ − 1. யூக்ளிட் தம்முடைய 'எலிமெண்ட்ஸ்' நூலின் ஒன்பதாம் பாகத்தில் இதை நிறுவினார்: 2ன் ஓர் அடுக்கிலிருந்து 1ஐக் கழித்துப் பகா எண் கிடைத்தால், அதை அதற்கு முந்தைய அடுக்கால் பெருக்குங்கள், நிறைவெண் கிடைக்கும். இரட்டைப்படை நிறைவெண் எதுவானாலும் இந்த வழியில்தான் வரும் என்று பிற்பாடு ஆய்லர் நிறுவினார். ஆகவே 2³⁰ × 2147483647 = 2305843008139952128. பத்தொன்பது இலக்கம், எட்டாவது நிறைவெண். இன்னொரு அழகும் உண்டு: 1 + 2 + 3 என்று தொடங்கி 2147483647 வரை விடாமல் கூட்டினாலும் இதே விடைதான் வரும். கூட்டுத்தொடர் சூத்திரம் தெரிந்தவர்கள் ஒரே வரியில் சரிபார்க்கலாம். அட்டை "நிறைவெண்" என்று தவறாகச் சொன்ன இடத்தில் இவ்வளவு நல்ல செய்தி மறைந்து கிடந்தது.

பத்தாவது வரிக்கு வருவோம். இங்கே அட்டை சரியாகச் சொல்கிறது, ஆனால் மெர்சென் யார் என்று சொல்லவில்லை. மரென் மெர்சென் பிரான்சு நாட்டுத் துறவி. 1644ல் வெளியான நூலில் அவர் ஒரு பட்டியல் தந்தார்: 257 வரை 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 ஆகிய அடுக்குகளுக்கு மட்டுமே 2ன் அடுக்கிலிருந்து 1 குறைந்த எண் பகா எண் ஆகும் என்று. எப்படிக் கண்டார் என்று காட்டவில்லை. பட்டியலில் ஐந்து தவறு. 67ம் 257ம் வந்திருக்கக் கூடாது. 61, 89, 107 விடுபட்டன. 67ஆம் அடுக்கின் காரணிகளை 1903ல் அமெரிக்கக் கணிதர் கோல் கண்டு காட்டினார்: 193707721 × 761838257287. அந்தப் பட்டியல் முழுமையாகச் சரிபார்க்கப்பட மூன்று நூற்றாண்டு ஆனது. அவருடையதும் ஒருவகையில் நிறுவல் இல்லாத அட்டைதானே என்று எனக்குத் தோன்றியது. ஆனால் ஒரு வித்தியாசம், மற்றவர்களை மூன்று நூற்றாண்டு உழைக்க வைத்த அட்டை அது.

மாணவர்கள் இங்கே ஓர் இடறலைக் கவனிக்க வேண்டும். 2, 3, 5, 7 எல்லாம் சரியாக வருகிறதே, அப்படியானால் எந்தப் பகா எண்ணை அடுக்காகப் போட்டாலும் பகா எண் வருமா? 11ஐப் போட்டுப் பாருங்கள். 2¹¹ − 1 = 2047 = 23 × 89. முடிந்தது. ஓர் எதிர்க்காட்டு போதும். படிவம் 4 தர்க்கப் பாடத்தில் மறுதலை என்று படிக்கிறீர்களே, மலாயில் அகாஸ், அதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. "2ன் அடுக்கிலிருந்து 1ஐக் கழித்தது பகா எண் எனில் அந்த அடுக்கும் பகா எண்" என்பது உண்மை. அதன் மறுதலை பொய். அட்டையில் "31 பகா எண், ஆகவே இதுவும் பகா எண்" என்று எழுதவில்லை, நல்லவேளை. ஆனால் வகுப்பில் அப்படித்தான் பல பிள்ளைகள் புரிந்துகொண்டார்கள். கேட்டுப் பார்த்ததில் தெரிந்தது.

பன்னிரண்டாவது வரி, "கணினி அறிந்த மிகப் பெரிய எண்". இது கேட்பதற்குக் கம்பீரமாக இருக்கிறது, உண்மை இல்லை. 32 பிட்டில் ஒரு பிட்டைக் கூட்டல் கழித்தல் குறிக்கு ஒதுக்கிவிட்டால் மீதி 31 பிட்டில் எழுதக்கூடிய மிகப் பெரிய முழு எண் இது. அவ்வளவுதான். 64 பிட்டில் எல்லை வேறு. 2014 டிசம்பரில் 'கங்னம் ஸ்டைல்' பாடலின் பார்வை எண்ணிக்கை இந்த எல்லையைத் தாண்டியபோது யூடியூப் தன் கணக்கை 64 பிட்டுக்கு மாற்றியதாக அறிவித்தது. பழைய 32 பிட் கடிகாரங்கள் 1970 தொடக்கத்திலிருந்து விநாடிகளை எண்ணுகின்றன. அவை 2147483647ஐத் தொடும் நேரம், நம் மலேசிய, சிங்கப்பூர் நேரப்படி, 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை காலை 11 மணி 14 நிமிடம் 7 விநாடி. மாற்றப்படாத கருவிகள் அதற்கடுத்த விநாடியில் 1901க்குப் போய்விடும். இன்றைய ஆண்டு 5 பிள்ளைகள் அப்போது வேலைக்குப் போகும் வயதில் இருப்பார்கள். இதைச் சொன்னால் வகுப்பே நிமிர்ந்து உட்காரும். நான் சொல்லிப் பார்த்தேன்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. பகா எண்ணாக இருப்பதால்தான் கணினி இதைத் தேர்ந்தெடுத்தது என்று நினைக்க வேண்டாம். 16 பிட்டுக்கு எல்லை 32767, சற்றுமுன் பார்த்தோமே, 7 × 31 × 151. குறி இல்லாத 32 பிட்டுக்கு எல்லை 4294967295, அது 3 × 5 × 17 × 257 × 65537. 64 பிட்டுக்கு 2⁶³ − 1, அதுவும் 7ஆல் வகுபடும். பகா எண் என்ற பெருமையும் கணினி எல்லை என்ற பெருமையும் ஒரே எண்ணில் சந்தித்தது தற்செயல். இரண்டையும் ஒரே அட்டையில் அடுத்தடுத்து வைத்தால் பிள்ளைகள் காரணம் காரியம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

சரி, அந்த மாணவியின் கேள்விக்கு வருகிறேன். யாரு பார்த்தாங்க, எப்படிப் பார்த்தாங்க?

பார்த்தவர் ஆய்லர். 1772ல் வெளியானது. அப்போது அவர் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்தார், கண்பார்வை ஏறக்குறைய முழுவதும் போயிருந்தது. கணினி கிடையாது. இப்போது எப்படி என்று பார்ப்போம்.

வகுப்பில் நாம் சொல்லித்தரும் வழி: வர்க்கமூலம் வரையுள்ள பகா எண்களால் ஒவ்வொன்றாக வகுத்துப் பார். நம் எண்ணின் வர்க்கமூலம் 46340ஐச் சற்றுத் தாண்டும். அதுவரை 4792 பகா எண்கள் இருக்கின்றன. கையால் 4792 வகுத்தல்! ஆய்லர் வகுப்பதற்கு முன் யோசித்தார்.

2ன் அடுக்குகளை 7ஆல் வகுத்து மீதிகளை எழுதுங்கள்: 2, 4, 1, மறுபடி 2, 4, 1. மூன்றில் சுற்று முடிகிறது. 23ஆல் வகுத்தால் 2, 4, 8, 16, 9, 18, 13, 3, 6, 12, 1. பதினொன்றில் முடிகிறது. எந்த ஒற்றைப்படைப் பகா எண்ணை எடுத்தாலும் இப்படி ஒரு சுற்று வரும். அந்தச் சுற்றின் நீளம், பகா எண்ணிலிருந்து 1 குறைந்த எண்ணை மீதியின்றி வகுக்கும். 3 என்பது 6ஐ வகுக்கிறது, 11 என்பது 22ஐ வகுக்கிறது. இது ஃபெர்மா கண்ட உண்மையிலிருந்து வருவது.

இப்போது நம் எண்ணுக்கு ஏதோ ஒரு பகாக் காரணி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதனால் 2³¹ஐ வகுத்தால் மீதி 1. ஆகவே அதன் சுற்றின் நீளம் 31ஐ வகுக்க வேண்டும். 31 பகா எண், எனவே நீளம் 1 அல்லது 31. நீளம் 1 என்றால் 2ஐ வகுத்தாலே மீதி 1 வரவேண்டும், அது நடக்காது. ஆக நீளம் 31. அப்படியானால் காரணியிலிருந்து 1ஐக் கழித்தால் 31ன் மடங்கு. காரணி ஒற்றைப்படை என்பதால் 62ன் மடங்கு. ஒரே யோசனையில் பெரும்பாலான பகா எண்கள் வெளியே போய்விட்டன! 2047க்கு இதைப் பொருத்திப் பாருங்கள்: 23 = 22 + 1, 89 = 4 × 22 + 1. சரியாக இருக்கிறதா?

இன்னொரு சல்லடையும் போட்டார். காரணியை 8ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7ஆக இருக்க வேண்டும். இதன் நிறுவல் பள்ளிப் பாடத்தைத் தாண்டியது, இங்கே விட்டுவிடுகிறேன். இரண்டையும் சேர்த்தால் காரணி 248ன் மடங்கோடு 1 அல்லது 63 கூட்டியதாகத்தான் இருக்க முடியும். 46340க்குள் அப்படிப்பட்ட பகா எண்கள் 84 மட்டுமே. 4792 எங்கே, 84 எங்கே! அந்த எண்பத்து நான்கில் ஒன்றுகூட வகுக்கவில்லை. ஆகவே பகா எண்.

இவ்வளவுதான் அம்மா பதில் என்று நான் அன்றே சொல்லியிருக்க வேண்டும். நான்கு நாள் படித்த பிறகுதான் சொன்னேன். அவள் கேட்ட அடுத்த கேள்வி: "அப்போ இதுதான் டீச்சர் ஆகப் பெரிய பகா எண்ணா?" பல பத்தாண்டுகள் மனிதர் அறிந்த மிகப் பெரிய பகா எண்ணாக அது இருந்தது உண்மை. 1811ல் ஆங்கிலேயக் கணிதர் பார்லோ, இதிலிருந்து பிறக்கும் நிறைவெண்ணைவிடப் பெரிதை அநேகமாக யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை, பயனில்லாத ஒன்றைத் தேடி யார் மெனக்கெடுவார் என்ற பொருளில் எழுதினார். 1876ல் லூக்கா 39 இலக்கமுள்ள 2¹²⁷ − 1 பகா எண் என்று நிறுவினார். 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது 2ன் 136279841ஆம் அடுக்கிலிருந்து 1 குறைந்த எண். அதற்கு 41024320 இலக்கங்கள்.

அட்டையைச் செய்தவருக்கு ஒரு நன்றியும் சொல்ல வேண்டும். எண்ணைத் தேர்ந்தெடுத்த கண் நல்ல கண். நூற்றுக்கணக்கான எண்களில் இதைப் பிடித்திருக்கிறார். வண்ணமும் வடிவமைப்பும் பிள்ளைகளை நிற்க வைத்தன; அது இல்லையென்றால் அந்தக் கேள்வியே வந்திருக்காது. ஆனால் புதிர்ப்போட்டிக்கு மனப்பாடம் செய்யும் தாளாக இதைக் கொடுத்துவிடாதீர்கள். "எட்டாவது மெர்சென் பகா எண் எது?" என்று கேட்டு, பிள்ளை பத்து இலக்கத்தை மூச்சுவிடாமல் ஒப்புவித்து, நாம் கைதட்டினால் அங்கே நடந்தது கணிதம் இல்லை.

என் வகுப்புச் சுவரில் இப்போது வேறு தாள் இருக்கிறது. அதில் எண், எழுத்தால் எழுதிய பெயர், 2³¹ − 1, கீழே ஒரு பயிற்சி. எண்பத்து நான்கில் முதலாவது 311. 2⁸ = 256. அதை 311ஆல் வகுத்தால் மீதி 256, அதாவது −55 என்றும் கொள்ளலாம். வர்க்கமாக்கினால் 3025, மீதி 226, அதாவது −85. மறுபடி வர்க்கமாக்கினால் 7225, மீதி 72. இது 2³²க்கு உரியது. பாதியாக்கினால் 2³¹க்கு மீதி 36. ஒன்று கழித்தால் 35. பூச்சியம் வரவில்லை, ஆகவே 311 காரணி அல்ல. மொத்தம் இரண்டு வர்க்கம், பத்து இலக்க நீள் வகுத்தல் எதுவும் தேவைப்படவில்லை.

அடுத்தது 1303, அதற்கடுத்தது 1489. இரண்டையும் உங்கள் மாணவர்களிடம் கொடுங்கள். மீதி முறையே 226, 199 என்று வந்தால் சரி.